வழிகாட்டி இல்லாத குகையில் ஒளிப்புழு: முதல்முறை போகிறவர்களுக்கு

நியூசிலாந்தில் ஒளிப்புழு பார்க்க இரண்டு வழி உண்டு. வைட்டோமோ மாதிரி பேர்போன குகைக்கு டிக்கெட் எடுத்து, படகில் உட்கார்ந்து, வழிகாட்டி சொல்கிற இடத்தில் அண்ணாந்து பார்த்துவிட்டு வரலாம். இல்லையென்றால், காட்டுக்கும் மாட்டுப் பண்ணைக்கும் நடுவில் திறந்து கிடக்கும் ஒரு சுண்ணாம்புக்கல் குகைக்குள் சொந்த டார்ச்சோடு இறங்கலாம். அங்கே டிக்கெட் கிடையாது, நடைபாதை கிடையாது, உள்ளே ஒரு பல்பு கிடையாது. இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது வகையைப் பற்றியது.

காசு இல்லை என்பதற்காகத்தான் பலரும் அங்கே போகிறார்கள். அதில் தப்பே இல்லை. ஆனால் வைட்டோமோவில் வாங்கும் காசு வெறும் படகுக்கு மட்டும் இல்லை. மழை வருமா என்று பார்ப்பது, ஓடைத் தண்ணீரின் மட்டத்தைக் கவனிப்பது, எங்கே கால் வைக்கலாம் என்று சொல்வது, எப்போது விளக்கை அணைப்பது என்று முடிவெடுப்பது, யாரும் எதையும் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்வது என்று அங்கே ஆட்கள் முழுநேரமும் வேலை செய்கிறார்கள். வழிகாட்டி இல்லாத குகையில் அந்த வேலை மொத்தமும் நம் தலையில் விழுகிறது. அதற்குக் குகை எப்படி உண்டானது, அந்தப் புழு எப்படிப் பிழைக்கிறது என்ற இரண்டும் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும். அது தெரிந்துவிட்டால் அறிவிப்புப் பலகையில் இருக்கும் விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

பேசுவதற்கு ஓர் இடம் வேண்டும் என்பதால் வைபூ குகைகளை எடுத்துக்கொள்கிறேன். ஆக்லாந்திலிருந்து வடக்கே காரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். வைபூ, 1850களில் கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலிருந்து கப்பலேறி வந்த ஸ்காட்லாந்துக்காரர்கள் குடியேறிய சின்ன ஊர். ஊரிலிருந்து குகை சுமார் 13 கி.மீ.; கடைசிப் பகுதி ஜல்லி ரோடு. இடம் நாட்டின் இயற்கைப் பாதுகாப்புத் துறையின் பொறுப்பில் இருக்கிறது. கார் நிறுத்துமிடத்திலிருந்து புல்வெளியைத் தாண்டினால் குகை வாய் வந்துவிடும். உள்ளே சுமார் 175 மீ. நீளத்துக்கு ஒளிப்புழுக்கள் இருக்கும் பாதை, நடுவே ஓர் ஓடை. இந்த அளவு சின்னக் குகை என்பதாலேயே ஆட்கள் அசட்டையாக உள்ளே போகிறார்கள்.

குகையைச் செய்தது மழை

சுண்ணாம்புக்கல் என்பது பெரும்பாலும் கடல் உயிரிகளின் ஓடுகளும் எலும்புக்கூடுகளும் கடலடியில் படிந்து இறுகியது. நியூசிலாந்தின் சுண்ணாம்புக்கல்லில் பெரும்பகுதி சுமார் 2.5 முதல் 3.5 கோடி ஆண்டுகளுக்கு முன், இன்றைய நிலத்தில் நிறைய பகுதி கடலுக்குள் மூழ்கிக் கிடந்த காலத்தில் உருவானது. பிறகு நிலம் உயர்ந்தது, பாறை வெளியே வந்தது, அதன்மேல் மழை பெய்தது.

மழைத்துளி காற்றிலிருந்து கொஞ்சம் கரியமில வாயுவை எடுத்துக்கொள்கிறது. மண்ணுக்குள் இறங்கும்போது வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் வாயு இன்னும் நிறையச் சேருகிறது. இப்போது அது வெறும் தண்ணீர் இல்லை, மிக மெலிந்த கார்பானிக் அமிலம். சோடாவில் இருப்பதும் இதே அமிலம்தான். கிரானைட் இதைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது, சுண்ணாம்புக்கல் கரையும். முதலில் மயிரிழை விரிசல், பிறகு விரல் நுழையும் இடுக்கு, பிறகு ஓடை ஓடும் சுரங்கம். யாழ்ப்பாணத்தில் ஆழம் காண முடியாதது என்று சொல்லப்படும் நிலாவரைக் கிணறும் சுண்ணாம்புக்கல் இப்படிக் கரைந்து உண்டானதுதான்.

கரைந்த சுண்ணாம்பு மறுபடி கல்லாக வேண்டுமென்றால் அந்த வாயு வெளியேற வேண்டும். குகைக் கூரையில் வந்து தொங்கும் துளியிலிருந்து கரியமில வாயு குகைக் காற்றுக்குள் போய்விடுகிறது; தாங்க முடியாத சுண்ணாம்பை அந்தத் துளி அங்கேயே விட்டுவிட்டு விழுகிறது. மேலிருந்து வளர்வது கல்விழுது, கீழே துளி விழும் இடத்தில் எழும்புவது கல்முளை. இரண்டும் சேர்ந்தால் தூண். வளரும் வேகம் இடத்துக்கு இடம் மாறும் என்றாலும், ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பத்து செ.மீ. நீள விழுதைப் பார்த்தால் சோழர் காலத்தில் தொடங்கியது என்று வைத்துக்கொள்ளலாம்.

இதில்தான் முதல் விதி ஒளிந்திருக்கிறது. நம் கையில் எப்போதும் மெல்லிய எண்ணெய்ப் பசை இருக்கும். கல்விழுதைத் தடவினால் அந்த எண்ணெய் ஒட்டிக்கொண்டு தண்ணீரை விலக்கும். சுண்ணாம்பு படிய இடம் கிடைக்காது. சேற்றுக் கையென்றால் கறையும் சேரும். பலரும் போய்வரும் குகைகளில் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கும் விழுதுகள் பழுப்பாக மழுங்கிக் கிடப்பதையும், கைக்கெட்டாத உயரத்தில் வெள்ளையாக ஈரம் மினுக்குவதையும் டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும். கை எதுவரை எட்டியது என்று கோடு போட்டுக் காட்டியது போல இருக்கும். உடைத்து எடுத்துப்போவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மேலே தொங்குவது யார்

ஒளிப்புழு என்றதும் நம் ஊர் மின்மினியை நினைத்துக்கொள்வோம். உறவே இல்லை. மின்மினி வண்டு இனம். நியூசிலாந்தின் ஒளிப்புழுவோ கொசுவைப் போலத் தோற்றமளிக்கும் ஒரு சிறு ஈயின் குஞ்சுப் பருவம். அரக்னோகாம்பா லுமினோசா என்பது அறிவியல் பெயர். இந்த இனம் நியூசிலாந்தைத் தவிர வேறெங்கும் இல்லை. நெருங்கிய சொந்தங்கள் ஆஸ்திரேலியாவில் இருக்கின்றன. மின்மினி துணையைக் கூப்பிட விளக்கேற்றுகிறது. இது சாப்பாட்டைக் கூப்பிட விளக்கேற்றுகிறது.

முட்டையிலிருந்து வெளிவரும்போது புழு சில மில்லிமீட்டர்தான். கூரையில் ஓர் இடம் பிடித்து, பட்டும் பசையும் கலந்த ஒரு குழாயைக் கட்டிக்கொண்டு அதற்குள் முன்னும் பின்னும் நகர்கிறது. அந்தக் குழாயிலிருந்து பட்டு நூல்களைக் கீழே தொங்கவிடுகிறது. ஒரு புழுவுக்கு எழுபது நூல் வரைகூட இருக்கும். ஒவ்வொரு நூலிலும் வரிசையாகப் பசைத் துளிகள். பாசிமணி கோத்த சரம் மாதிரியே இருக்கும். ஓடையில் பிறந்து பறந்து வரும் குட்டிப் பூச்சிகள் இருட்டில் அந்த வெளிச்சத்தை வெளியே போகும் வழி என்று நம்பி மேலே பறக்கின்றன, நூலில் ஒட்டிக்கொள்கின்றன. நூல் அதிர்ந்ததும் புழு எந்த நூல் என்று கண்டுபிடித்து, அதை வாயால் விழுங்கியபடியே மேலே இழுக்கிறது. தூண்டில்காரனின் வேலைதான், தூண்டிலையும் சேர்த்துத் தின்கிறது என்பது மட்டும் வித்தியாசம்.

அந்த விளக்கு எங்கே இருக்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். பூச்சிகளுக்கு நம் சிறுநீரகத்தின் வேலையைச் செய்யும் மெல்லிய குழாய்கள் உண்டு. ஒளிப்புழுவில் அந்தக் குழாய்களின் கடைசி முனை மாறி ஒளி உறுப்பாகியிருக்கிறது. அதாவது, கவிதை எழுதத் தூண்டும் அந்த நீலப் பச்சை வெளிச்சம் புழுவின் வால் பக்கத்துக் கழிவு உறுப்பிலிருந்து வருகிறது. லூசிஃபெரின் என்ற வேதிப்பொருள் லூசிஃபெரேஸ் என்ற நொதியின் துணையோடு ஆக்சிஜனுடன் சேரும்போது ஒளி பிறக்கிறது. வெப்பம் ஏறக்குறைய இல்லவே இல்லை. உறுப்புக்குப் பின்னால் காற்று நிறைந்த நுண்குழாய்கள் கண்ணாடியாக நின்று ஒளியைக் கீழ்நோக்கித் திருப்புகின்றன. பசித்த புழு கூடுதலாக மின்னும் என்றும் சொல்கிறார்கள்.

இதைப் பார்த்தவர்கள் எல்லோரும் 'நட்சத்திரம் நிறைந்த வானம்' என்றுதான் எழுதுகிறார்கள். உள்ளே போனால் ஒன்றைக் கவனியுங்கள். வானத்தில் நட்சத்திரங்கள் இங்கே ஒரு கும்பல், அங்கே ஒரு வெற்றிடம் என்று தாறுமாறாகக் கிடக்கும். குகைக் கூரையில் அப்படி இருக்காது. புள்ளிகள் ஒன்றுக்கொன்று இடம் விட்டு ஓரளவு சீராகப் பரவியிருக்கும். காரணம், பக்கத்தில் வருகிற புழுவை இது விடாது. சண்டை போடும், முடிந்தால் தின்றும்விடும். அந்த அழகான இடைவெளி பயத்தில் உண்டானது.

ஒளிப்புழுவுக்கும் எதிரிகள் உண்டு. நீண்ட மெல்லிய கால்களோடு, சிலந்தி போலவே இருக்கும் ஒரு குகை உயிரி கூரையில் நடந்து வந்து இதைப் பிடித்துத் தின்னும். குகைச் சுவரில் தாராளமாகத் திரியும் வேட்டா என்ற வெட்டுக்கிளிக் குடும்பத்துப் பூச்சியைப் பார்த்துப் பலர் அலறுவதுண்டு. அது நம்மை ஒன்றும் செய்யாது.

புழுப் பருவம் ஆறு முதல் ஒன்பது மாதம் ஓடும். அதற்குள் மூன்று நான்கு செ.மீ. வளர்ந்துவிடும். பிறகு கூட்டுப்புழுவாகி ஒரு நூலில் தொங்கும். அதிலிருந்து வெளிவரும் ஈக்கு எதையும் தின்னும் வாயமைப்பு இல்லை. சில நாள்தான் உயிர். அதற்குள் துணை தேடி, நூறுக்கும் மேல் முட்டையிட்டுவிட்டுச் சாகிறது. பறக்கத் தடுமாறும் இந்த ஈ சில நேரம் தன் இனத்துப் புழுவின் நூலிலேயே சிக்கி இரையாவதும் உண்டு.

இதிலிருந்து நமக்கு வேண்டிய இரண்டு விஷயம். ஒன்று, அந்த நூல்கள். வெளிக்காட்டில் காற்றடிக்கும் என்பதால் அவை சில செ.மீ. நீளத்தோடு நின்றுவிடும், காற்று அசையாத குகைக்குள் 30, 40 செ.மீ. கூடத் தொங்கும். தாழ்வான கூரையில் நம் தலைமுடி பட்டாலே போதும், ஒரு புழுவின் மொத்தப் பிழைப்பும் அறுந்துவிடும். மறுபடி நூற்க அதற்கு உணவிலிருந்து கிடைத்த சக்தி செலவாக வேண்டும். இரண்டாவது, ஈரம். பசைத் துளியில் பெரும்பகுதி தண்ணீர்தான். காற்று உலர்ந்தால் துளியும் உலரும், தூண்டில் வெறும் நூலாகிவிடும். வைட்டோமோவிலேயே 1970களின் இறுதியில் மேல் வாசல் வழியாகக் காற்று கூடுதலாக ஓடி, உள்ளே ஈரம் குறைந்து, ஒளிப்புழுக்கள் சரிந்து, குகையைச் சில மாதம் மூடவேண்டி வந்தது. இன்றைக்கு அங்கே வெப்பம், ஈரம், கரியமில வாயு எல்லாவற்றையும் கருவிகள் வைத்துக் கண்காணிக்கிறார்கள். பார்வையாளர் விடும் மூச்சால் குகைக் காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 2400 பங்கைத் தாண்டக்கூடாது என்பது கணக்கு, ஏனென்றால் அதற்கு மேல் போனால் கல்விழுதுகளே திரும்பக் கரையத் தொடங்கும். வைபூ மாதிரி இடத்தில் கருவியும் இல்லை, ஆளும் இல்லை. சிகரெட், கொசுவிரட்டி ஸ்ப்ரே, பட்டாசு வகையறா எதையும் உள்ளே கொண்டுபோகாமல் இருப்பதுதான் அங்கே இருக்கும் ஒரே கண்காணிப்பு.

டார்ச்சை அணைப்பது

நிறைய பேர் ஏமாந்து திரும்புவது இங்கேதான். உள்ளே நுழைகிறார்கள், கூரையை நோக்கி டார்ச் அடிக்கிறார்கள், ஒன்றும் தெரியவில்லை. அணைக்கிறார்கள், அரை நிமிடத்தில் நாலைந்து மங்கலான புள்ளிகள் தெரிகின்றன. 'இவ்வளவுதானா' என்று திரும்பிவிடுகிறார்கள். குகையில் குறை இல்லை, கண்ணுக்கு அவர்கள் நேரம் கொடுக்கவில்லை.

நம் விழித்திரையில் நிறம் பார்க்கும் கூம்பு செல்கள் ஒரு வகை, மங்கலான வெளிச்சத்தில் வேலை செய்யும் குச்சி செல்கள் இன்னொரு வகை. பிரகாசமான ஒளி பட்டால் குச்சி செல்களில் உள்ள நிறமி வெளுத்துவிடும். அது திரும்ப நிறைய நேரமாகும். முழுதாக இருட்டுக்குப் பழக இருபது முதல் முப்பது நிமிடம் பிடிக்கும். ஆனால் ஐந்து, பத்து நிமிடத்திலேயே பெரிய வித்தியாசம் தெரியும். இன்னொரு அனுகூலம்: குச்சி செல்கள் மிகவும் கூர்மையாக உணர்வது 500 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய ஒளியை. ஒளிப்புழு விடும் ஒளியின் உச்சம் சுமார் 488 நானோமீட்டர். நம் இரவுக் கண்ணுக்கென்றே அளவெடுத்துச் செய்தது போல இரண்டும் பொருந்தி வருகின்றன.

ஆகவே செய்ய வேண்டியது இது. வாசல் வெளிச்சம் எட்டாத இடத்துக்கு வந்ததும் காலடியில் மட்டும் டார்ச் அடித்து, நிற்பதற்கு அல்லது உட்காருவதற்குச் சமமான இடம் பாருங்கள். கூட வந்த எல்லோரும் ஒரே நேரத்தில் அணையுங்கள். ஃபோன் திரையும் டார்ச்சில்தான் சேர்த்தி. மணி பார்க்க ஒருவர் ஃபோனை எடுத்தால் மொத்தக் கூட்டத்துக்கும் முதலிலிருந்து கணக்கு. பேசிக்கொண்டிருக்கலாம், ஆனால் மெதுவாக; இருட்டில் மற்றவர்களும் உட்கார்ந்திருப்பார்கள். முதலில் சில புள்ளிகள். அப்புறம் அவற்றுக்கு நடுவே மங்கலானவை. ஒரு கட்டத்தில் கூரையின் வளைவு, அது எங்கே தாழ்ந்து வருகிறது, எங்கே இன்னொரு அறையாகத் திறக்கிறது என்பதெல்லாம் அந்தப் புள்ளிகளை வைத்தே தெரிய ஆரம்பிக்கும். ஒரு புள்ளி மங்கலாக இருந்தால் அதை நேராக முறைக்காமல் சற்று பக்கத்தில் பாருங்கள். பார்வையின் நட்டநடுவில் குச்சி செல்கள் இல்லை, ஓரத்தில்தான் இருக்கின்றன.

புழுவின் மேல் டார்ச் அடித்தால் அது தன் விளக்கை மங்க வைத்துக்கொள்ளும், பழைய பிரகாசத்துக்கு வர நேரம் எடுக்கும். அந்த நேரம் அதற்கு வேட்டை இல்லாத நேரம். நூல்களைப் பார்க்க ஆசையாக இருந்தால், நிகழ்ச்சியெல்லாம் முடிந்து கிளம்பும் முன், மங்கலான விளக்கைப் பக்கவாட்டில் சில நொடி காட்டிப் பார்த்துவிட்டு விலகிவிடலாம். சிவப்பு வெளிச்சம் உள்ள டார்ச் இருந்தால் நல்லது, அது நம் இரவுக் கண்ணைக் கெடுக்காது.

படம் எடுக்க நினைப்பவர்களுக்கு: ஃப்ளாஷ் பயன்படாது. ஸ்டாண்டில் கேமராவை நிறுத்தி, அரை நிமிடம் வரை எக்ஸ்போஷர் வைக்க வேண்டும். இப்போதைய ஃபோன்களின் நைட் மோடும் கல்லில் அசையாமல் சாய்த்து வைத்தால் ஏதோ காட்டும். இணையத்தில் பார்க்கும் நீலப் பால்வெளிப் படங்கள் அப்படி நீண்ட நேரம் ஒளியைச் சேர்த்து எடுத்தவை. கண்ணுக்கு அத்தனை நீலமாகத் தெரியும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

தண்ணீர்தான் வில்லன்

குகைக்குள் ஆபத்து என்றால் வழி தவறுவது, பாறை விழுவது என்று யோசிக்கிறோம். ஓடை ஓடும் சுண்ணாம்புக்கல் குகையில் உண்மையான ஆபத்து வெள்ளம்.

மேலே சொன்ன அதே காரணம்தான். சுண்ணாம்புக்கல் நிலத்தில் மழைநீர் மண்ணில் ஊறி மெதுவாக ஆறுக்குப் போவதில்லை. பள்ளங்களிலும் விரிசல்களிலும் நேராக விழுந்து நிலத்தடிச் சுரங்கங்களுக்குள் போய்விடுகிறது. நாம் நிற்கும் குகையே அந்தச் சுரங்கம். கி.மீ. கணக்கில் தள்ளி இருக்கும் மேட்டில் கொட்டிய மழை, குகை வாசலில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே வந்து சேரலாம். அகலமான அறையில் முழங்காலளவு ஓடும் தண்ணீர், கூரை தாழ்ந்த ஒரு குறுகிய இடத்தில் நெருக்கப்பட்டால் கூரையைத் தொட்டுவிடும். திரும்பும் வழி அதோடு அடைந்தது.

இது ஏட்டுக் கணக்கில்லை. வைபூவுக்குச் சற்று வடக்கே ஃபாங்கரேய் நகரத்தை ஒட்டி ஆபே குகைகள் இருக்கின்றன. அவையும் சுண்ணாம்புக்கல், ஒளிப்புழு, இலவசம், வழிகாட்டி இல்லாதவை; ஊர்க்காரர்கள் சாதாரணமாகப் போய்வந்த இடம். 2023 மே மாதம், கனமழை எச்சரிக்கை இருந்த ஒரு நாளில் உள்ளே போன பள்ளிக் குழு ஒன்று வெள்ளத்தில் மாட்டிக்கொண்டு, ஒரு மாணவர் உயிரிழந்தார். அதற்குப் பின் அந்தக் குகைகள் மூடப்பட்டன. பழைய பயணக் குறிப்புகளில் 'கட்டாயம் போக வேண்டிய இடம்' என்று அது இன்னமும் வந்துகொண்டிருக்கும். வைபூவோ வேறெந்தக் குகையோ, கிளம்பும் அன்றைக்குத் திறந்திருக்கிறதா என்பதை இயற்கைப் பாதுகாப்புத் துறையின் பக்கத்தில் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

வானிலையில் பார்க்க வேண்டியது குகை இருக்கும் ஊருக்கு மட்டும் இல்லை, அந்த வட்டாரம் முழுவதற்கும். நேற்று என்ன பெய்தது என்பதும் கணக்கு. ஏற்கெனவே நனைந்து நிறைந்திருக்கும் நிலத்தில் சின்ன மழையே பெரிதாக ஓடும். மழை எச்சரிக்கை இருந்தால் போகவே கூடாது. அதில் 'சும்மா வாசல் வரைக்கும்' என்ற பேச்சு வேண்டாம் என்பது என் கருத்து. வாசல் வரை போனவர்கள் வாசலோடு நிற்பதை நான் பார்த்ததில்லை.

உள்ளே இருக்கும்போது சுவரைப் பாருங்கள். தலைக்கு மேல் ஒரு பாறை இடுக்கில் காய்ந்த புல்லும் சுள்ளியும் செருகிக்கொண்டிருந்தால், எப்போதோ வெள்ளம் அந்த உயரம் வரை வந்திருக்கிறது. இறங்கும்போது ஓடைக் கரையில் ஒரு கல்லை அடையாளம் வைத்துக்கொண்டு, இடையிடையே அது முழுகுகிறதா என்று பாருங்கள். தண்ணீர் தெளிவு மாறிக் கலங்கலாக வந்தாலோ, இலைதழை மிதந்து வந்தாலோ, ஓடையின் இரைச்சல் கூடினாலோ, பேசி முடிவெடுக்க எதுவும் இல்லை, வெளியேற வேண்டியதுதான். வெளியே போகும் வழி ஏற்கெனவே அடைபட்டிருந்தால் நீந்த முயலக் கூடாது. எட்டக்கூடிய மிக உயரமான இடத்தில் ஏறி, ஒருவரோடு ஒருவர் ஒட்டி உட்கார்ந்து, தண்ணீர் வடியக் காத்திருக்க வேண்டும். அதனால்தான் எந்தக் குகைக்குப் போகிறோம், எத்தனை மணிக்குள் திரும்புவோம் என்று வெளியே ஒருவருக்குச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். உள்ளே ஃபோன் எடுக்காது. வெளியில் இருப்பவர் குறித்த நேரம் தாண்டியதும் 111-ஐ அழைத்தால்தான் ஆள் வரும்.

கொண்டு போவது, போட்டுக்கொள்வது

தலையில் மாட்டும் டார்ச் ஆளுக்கொன்று. கை இரண்டும் பிடித்து ஏற வேண்டியிருக்கும் என்பதால் கையில் பிடிக்கும் டார்ச் தனியாகப் போதாது. ஆளுக்கு இன்னொரு டார்ச் பையில் இருக்கட்டும். ஃபோன் வெளிச்சத்தை நம்பி இறங்குவது அறிவீனம். தண்ணீரில் ஒருமுறை விழுந்தால் அதோடு சரி. முழு இருட்டு என்பது நம் ஊர் மின்வெட்டு இருட்டு மாதிரி இல்லை, கண் எவ்வளவு பழகினாலும் எதுவும் தெரியாது.

செருப்பு வேண்டாம். நனைந்தால் பரவாயில்லை என்கிற, அடிப்பாகம் நன்றாகப் பிடிக்கிற பழைய ஷூ போதும். வைபூவின் முதல் அறையிலேயே களிமண் சேறு வழுக்கும். ஓடையில் முழங்கால் வரை இறங்க வேண்டிய இடமும் உண்டு. குகைக்குள் வெப்பம் அந்த வட்டாரத்தின் ஆண்டுச் சராசரியை ஒட்டியே இருக்கும். வடக்கு நியூசிலாந்தில் அது 15 டிகிரியை ஒட்டி வரும். சும்மா நின்றால் குளிரில்லை, கால் நனைந்து இருபது நிமிடம் இருட்டில் உட்கார்ந்தால் குளிரும். ஜீன்ஸ் நனைந்தால் காயாது. மாற்றுத்துணியும் துண்டும் காரில் இருக்கட்டும். விலையுயர்ந்த பொருள்களைக் கார் சீட்டில் தெரிகிற மாதிரி வைத்துவிட்டுப் போகாதீர்கள். இப்படி ஒதுக்குப்புறமான நிறுத்துமிடங்களில் கண்ணாடி உடைப்பது அங்கே சகஜம். வடக்குப் பகுதியில் கவுரி மரங்களைக் கொல்லும் ஒரு மண்வழி நோய் பரவுகிறது என்பதால் காட்டுப்பாதைகளில் ஷூ கழுவும் இடம் வைத்திருப்பார்கள். போகும்போதும் வரும்போதும் அதைப் பயன்படுத்த வேண்டும்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், அவர்களையும் கூட்டிப் போகலாமா என்று ஆக்லாந்துத் தமிழர்கள் கேட்பதுண்டு. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இந்தக் குகை ஆகாது. வழுக்கும் பாறை, பிடிமானம் இல்லாத சேறு, இறங்குவதைவிட ஏறுவது கடினம். சின்னக் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்குவதும் அப்படித்தான். வழுக்கினால் இரண்டு பேருக்கும் அடி, தாழ்ந்த கூரையில் அந்தப் பட்டு நூல்களுக்கு நேராகக் குழந்தையின் தலை. இருட்டென்றால் அழும் வயதைத் தாண்டிய, சொன்னால் கேட்கிற பிள்ளைகளென்றால் தாராளமாக வரலாம்.

வர முடியாதவர்களுக்கும், மழையால் குகைத் திட்டம் கைவிட்டுப் போனவர்களுக்கும் வேறு வழி இருக்கிறது. ஒளிப்புழுவுக்குக் குகைதான் வேண்டும் என்பதில்லை. ஈரமும் நிழலும் காற்றில்லாத ஒதுக்கமும் உள்ள மண்சரிவு எதுவானாலும் போதும். வைட்டோமோவுக்குப் பக்கத்தில் ருவாகூரி என்ற காட்டுப்பாதை சுண்ணாம்புக்கல் பள்ளத்தாக்கு வழியாகப் போகிறது. அதற்கும் கட்டணம் இல்லை. பொழுது நன்றாகச் சாய்ந்த பிறகு போனால் பாதையோரச் சரிவிலேயே புழுக்கள் மின்னும், சில இடங்களில் முகத்துக்கு நேர் உயரத்தில். நூல்கள் குட்டையாக இருக்கும். படிகள் உண்டு, ஆனால் பாதை ஒழுங்கானது. பகலில் போய்விட்டு ஒன்றும் இல்லையே என்று சொல்லாதீர்கள். குகைக்குள் இருப்பவை பகலிலும் மின்னும், வெளியே இருப்பவை இருட்டினால்தான் விளக்கேற்றும்.